சகாசா கெபாரி கட்டும் தொகுப்பு: இறகில் குறை உண்டு, ஆயினும் வாங்கலாம்

ஜப்பானிய மலையோடைகளில் இவானா, யமாமே, அமாகோ ஆகிய மீன்களைப் பிடிக்கப் பயன்படும் சகாசா கெபாரி என்னும் பொய்யிரையை வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்கான தொகுப்பு ஒன்றை, டோக்கியோவில் உள்ள ஒரு மீன்பிடிக் கருவிக் கடையில் வாங்கினேன். மீன்பிடிப் பருவம் முழுவதும் அதைக் கொண்டு கட்டிய இரைகளையே ஒகுதாமாவின் ஓடைகளிலும் ஹிதா மலைப்பகுதியிலும் பயன்படுத்தினேன். விலை 3000 யெனுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே 12ஆம் எண் தூண்டில் முட்கள், கறுப்பிலும் வெளிர் மஞ்சளிலும் இரண்டு நூல்கண்டுகள், கிஜி என்னும் ஃபெசன்ட் வகைப் பறவையின் இறகுகள் அடங்கிய ஒரு சிறு பை, மேசை விளிம்பில் பொருத்தி முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும் சிறிய வைஸ், நூல்பிடி, படங்களுடன் கூடிய ஒற்றைத் தாள் ஆகியவை இருக்கின்றன. இத்தகைய தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பலரும் கட்டி முடித்த இரை எவ்வளவு அழகாக வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, ஓடும் நீருக்குள் அந்த இறகிழைகள் எப்படி அசைகின்றன என்பதே இதற்கு உரைகல். அந்த உரைகல்லில் இந்தத் தொகுப்பின் முள்ளும் நூலும் நன்றாகத் தேறுகின்றன. மிக முக்கியமான இறகு பாதிதான் தேறுகிறது.

கெபாரி எதற்காக உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அளவுகோலின் நியாயம் விளங்கும். டென்காரா என்று இன்று அழைக்கப்படும் மீன்பிடி முறையில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை கிடையாது. நீண்ட கோலின் நுனியில் நரம்பைக் கட்டி, அந்த நரம்பின் முனையில் ஒரே ஒரு கெபாரியைக் கட்டி வீசுவார்கள். மலைக்கிராமங்களில் இவானாவைப் பிடித்து விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்த தொழில்முறை மீனவர்கள் இதைக் கையாண்டார்கள். அவர்களுக்குப் பூச்சியின் உருவத்தை நுணுக்கமாகப் போலச்செய்ய நேரமும் இல்லை, தேவையும் இல்லை. கிடைத்த நூல், கிடைத்த இறகு, ஒரு முள் என்ற அளவில் விரைவாகக் கட்டி முடித்து, எத்தனை பாறைகளில் உரசினாலும் பிரிந்துவிடாத இரையே அவர்களுக்கு வேண்டியிருந்தது. காது, அதாவது நரம்பை முடியும் துளை, இல்லாத முட்களைப் பயன்படுத்திய காலத்தில், பட்டு நூலால் சிறு கண்ணியொன்றைச் செய்து முள்ளின் தலையில் சேர்த்துக் கட்டி அதில் நரம்பை முடிந்தார்கள். ஓடைக்கு ஓடை, ஊருக்கு ஊர் கெபாரியின் வடிவம் மாறியது. கிஃபு மாநிலத்தின் தகயாமாவுக்கென்று தனியாக ஒரு சகாசா கெபாரி இன்றும் பேசப்படுகிறது. 2009இல் டென்காரா வல்லுநர் ஹிசாவோ இஷிகாகி அமெரிக்காவின் கேட்ஸ்கில் பகுதிக்குச் சென்று இந்த முறையைச் செய்துகாட்டிய காலத்தை ஒட்டி டென்காரா ஜப்பானுக்கு வெளியிலும் பரவத் தொடங்கியது. எல்லா ஓடைகளிலும் ஒரே வகைக் கெபாரியைப் பயன்படுத்துவதில் உறுதியாக நிற்பவர் அவர். அவருடைய இரையில் நூலும் சேவல் இறகும் தவிர வேறெதுவும் இல்லை.

சகாசா வகையின் சிறப்பு இறகிழைகள் சாயும் திசையில் இருக்கிறது. நீருக்குள் மூழ்கவிடும் மேலைநாட்டுப் பூச்சியிரைகளில் இழைகள் முள்ளின் வளைவை நோக்கிப் பின்பக்கமாகப் படிந்திருக்கும். அவற்றை நீருக்குள் இழுத்தால் இழைகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். சகாசாவில் அவை முள்ளின் காதை நோக்கி, அதாவது முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. நரம்பை மெல்ல இழுக்கும்போது எதிர்த்து வரும் நீர் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி விரிக்கிறது. இழுப்பைத் தளர்த்தியதும் அவை மீண்டும் முன்னே வந்து குவிகின்றன. கோலின் நுனியை மேலும் கீழுமாகச் சில அங்குலம் அசைத்தாலே உயிருள்ள பூச்சி காலை விரித்து மடக்குவதைப் போன்ற துடிப்பு உண்டாகிவிடுகிறது. இதே அமைப்பால் இன்னொரு பயனும் உண்டு. விரிந்து நிற்கும் இழைகள் நீரோட்டத்தைப் பற்றிக்கொள்வதால் இரை எளிதில் மேலே வழுக்கி வராது. நரம்பில் சிறிது இறுக்கம் வைத்திருந்தாலும் அது தன் ஆழத்தில் நிலைத்து நிற்கும். நரம்பு இறுக்கமாக இருந்தால்தான் மீன் கடிப்பது கைக்குத் தெரியும் என்பதால் இந்த இரண்டாவது பயனை நான் முதலாவதைவிடக் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

இனித் தொகுப்புக்கு வருகிறேன். முட்களின் தேர்வு சரியானது. 12ஆம் எண் என்பது கை பழகாதவர்கள் கட்டுவதற்குப் போதிய அளவு பெரியது. மலையோடை மீன்களின் வாய்க்கும் பொருத்தமானது. கம்பி சற்றுத் தடிமனாக இருப்பதால், ஈயமோ மணியோ சேர்க்காமலே இரை மேற்பரப்புக்குக் கீழே இறங்குகிறது. முனையின் கூர்மை பல நாள் உழைப்புக்குப் பிறகும் குறையவில்லை. ஆனால் முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப விடவேண்டும் என்ற விதியுள்ள பகுதிகள் ஜப்பானிய ஓடைகளில் இப்போது பல இருக்கையில், எதிர்முள் இல்லாத முட்களையே தந்திருக்கலாம். குறட்டால் அழுத்தி அதைத் தட்டையாக்கிக்கொள்ள முடியும் என்றாலும், அழுத்தும்போது ஓரிரு முட்களின் முனை ஒடிந்துவிடுகிறது. கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் செய்த வேலை வீணாகும். ஆகவே நூலைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

நூல்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பொய்யிரை கட்டுவதற்கென்றே விற்கப்படும் மெல்லிய செயற்கை நூலுக்குப் பதிலாகச் சாதாரணப் பருத்தித் தையல் நூலைத் தந்திருப்பது தொகுப்பை உருவாக்கியவர்களின் தெளிவைக் காட்டுகிறது. பருத்தி நீரை உறிஞ்சுவதால் இரை விரைவாக மூழ்குகிறது. இழை சற்றுத் தடிமனாக இருப்பதால் சில அடுக்குகளிலேயே உடல் உருண்டு திரண்டு வந்துவிடுகிறது. நனைந்தவுடன் நிறம் அடர்த்தியாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் வெளிர் மஞ்சளாகத் தெரியும் உடல் நீருக்குள் தேன் நிறத்துக்கு மாறிவிடுகிறது, அந்த நிறம் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இரண்டு நிறங்களை மட்டும் தந்து, நிறத் தேர்வில் அலைய வேண்டாம் என்று விட்டிருக்கும் எண்ணத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்கு இரை ஏராளமாகக் கிடைப்பதில்லை. தன்னைக் கடந்து போகும் பொருளை உண்பதா விடுவதா என்று தீர்மானிக்க அதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பது அரிது. அந்த நொடியில் அது பார்ப்பது அளவையும், மங்கலான உருவத்தையும், அசைவையும்தான்.

அசைவைத் தருவது இறகு. அந்த இறகில்தான் தொகுப்பு சறுக்குகிறது. கிஜி என்பது ஜப்பானின் தேசியப் பறவை. 1947இல் அது அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பெட்டையின் உடல் இறகுகள் மென்மையும் வரிகளும் கொண்டவை என்பதால் கெபாரி கட்டுவோரிடையே நெடுங்காலமாக மதிப்புப் பெற்றவை. ஆகவே இறகின் இனம் சரியானதே. ஆனால் பையில் உள்ளவை ஒரே அளவாகத் தரம்பிரிக்கப்படவில்லை. கழுத்தருகே இருக்கும் சிறிய இறகுகளும், முதுகிலிருந்து வந்த அகன்ற இறகுகளும், கட்டுவதற்கு எவ்வகையிலும் பயன்படாத பஞ்சிறகுகளும் கலந்தே கிடக்கின்றன. 12ஆம் எண் முள்ளுக்கு, முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடையிலான இடைவெளியைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை நீளமான இழைகளே பொருந்தும் என்பது என் கருத்து. பையில் அந்த அளவுக்குள் வரும் இறகுகள் பாதிக்கும் குறைவு. மிக நீண்ட இழைகளோடு கட்டப்பட்ட இரை மேசையின்மேல் செழிப்பாகத் தெரியலாம். வீசும்போது அது காற்றில் சுழன்று, இரையைக் கட்டியிருக்கும் மெல்லிய நுனி நரம்பை முறுக்கிவிடுகிறது, நீருக்குள் விரியவேண்டிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சோர்ந்து கிடக்கின்றன. கட்டத் தெரிந்தவர் பையைக் கவிழ்த்தவுடன் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். ஆனால் இந்தத் தொகுப்பு முதன்முறையாகக் கட்டுபவருக்காக விற்கப்படுவது. அவர் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டுவார். இரை சரியாக வேலை செய்யாதபோது குறை தன் கைப்பழக்கத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்வார். அதனாலேயே இந்தக் குறையை நான் பெரிதாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேகமான ஓட்டத்தில் மென்மையான இழைகள் எளிதில் மடிந்துவிடும். அங்கே சேவலின் கழுத்திறகு போன்ற விறைப்பான இழைகளே தம் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். மெதுவாக நகரும் மடுக்களில் கிஜியின் மென்மைக்கு ஈடில்லை. ஆகவே நான்கைந்து சேவல் இறகுகளையும் சேர்த்திருந்தால் ஓடை முழுவதற்கும் போதுமான தொகுப்பாக இது அமைந்திருக்கும். பயன்படாத பஞ்சிறகுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைப்பதற்குச் செலவும் அதிகமாகாது.

வைஸ் சிறியது, தாடை உறுதியானது. ஆனால் தடித்த பலகை கொண்ட மேசையில் அதைப் பொருத்த முடியாது. நூல்பிடி வழவழப்பாக இருக்கிறது, நூலை அறுக்கவில்லை.

வழிமுறைத் தாளின் படங்கள் தெளிவானவை, வரிசையும் சரியானது. முள்ளை வைஸில் பொருத்திய பின் காதுக்குச் சற்றுப் பின்னே நூலைத் தொடங்கி, சில சுற்றுகளால் சிறு தலையொன்றை அமைக்க வேண்டும். பிறகு இறகின் அடியிலுள்ள பஞ்சை உரித்துவிட்டு, பளபளப்பான மேற்புறம் முள்ளின் வளைவை நோக்கியும் மங்கலான உட்புறம் காதை நோக்கியும் இருக்குமாறு அதைக் கட்ட வேண்டும். இறகிழைகள் இயல்பாகவே மங்கலான பக்கம் நோக்கி வளைபவை. அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்டால் இழைகள் தாமாகவே முன்னோக்கிச் சாயும். தாளில் இதற்கான படம் மிகச் சிறியது. இறகை மாற்றி வைத்தால் வருவது சகாசாவே அல்ல என்பதால் இந்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்து இறகை மூன்று அல்லது நான்கு முறை சுற்றிக் கட்ட வேண்டும். ஐந்தாவது சுற்றுக்கு ஆசைப்படக் கூடாது. இழைகள் அடர்த்தியானால் அவை விரிந்து குவிய இடமிருக்காது. எண்ணிவிடக்கூடிய அளவில் இடைவெளியோடு நிற்கும் இழைகளே நன்றாகத் துடிக்கின்றன.

இறகைக் கட்டிய பிறகு நூலை அதன் பின்புறத்துக்குக் கொண்டுவந்து, இழைகளை விரலால் காதுப் பக்கம் தள்ளிப் பிடித்தபடியே அவற்றின் அடியை ஒட்டிச் சில சுற்றுகள் அழுத்தமாகச் சுற்றுவதுதான் இந்த வேலை முழுவதிலும் கவனம் மிகுதியாக வேண்டிய இடம். சாய்வு எவ்வளவு என்பதை இந்தச் சுற்றுகளே தீர்மானிக்கின்றன. இழைகள் காதைத் தாண்டிக் கூம்பாகக் குவிந்துவிட்டால் நரம்பை முடிவதற்கு இடைஞ்சல். நேர்க்குத்தாக நின்றுவிட்டால் முதல் இழுப்பிலேயே பின்னால் படிந்துவிடும். நேர்க்குத்தான நிலைக்கும் காதுக்கும் நடுவே அவை நின்றால் போதும். அதன்பின் நூலை வளைவு வரை கொண்டுசென்று திரும்பக் கொண்டுவந்து, வால்பக்கம் மெலிந்தும் இறகை நோக்கி மெல்லப் பருத்தும் வருமாறு உடலை அமைத்து, இறகுக்குப் பின்னே முடிச்சிட்டு முடிக்க வேண்டும்.

அந்த இறுதி முடிச்சுக்குத் தாள் சொல்லும் வழி போதாது. இரண்டு எளிய கண்ணி முடிச்சுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. பருத்தி நூலில் அவை நனைந்து உலரும்போது தளர்ந்துவிடுகின்றன. நூலை அதன் மீதே ஐந்து சுற்று சுற்றி, நுனியை அவற்றின் அடியில் இழுத்து இறுக்கும் முடிச்சே நிலைத்து நிற்கிறது. அதன் மேல் நகப்பூச்சு வார்னிஷ் ஒரு துளி வைத்து உலரவிட்டால், இறகு தேய்ந்து இரை பயனற்றுப் போகும் வரை நூல் பிரிவதில்லை. வார்னிஷ் இறகிழைகளின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்ட இழை விறைத்துவிடும்.

இவ்வாறு அளவறிந்து கட்டிய இரை ஓடையில் நடந்துகொண்ட விதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நான் பயன்படுத்தியது 3.6 மீட்டர் நீளக் கோல். அதன் நுனியில் ஏறத்தாழ அதே நீளத்துக்கு ஒரே பருமனுள்ள ஃபுளோரோகார்பன் நரம்பு, அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு மெல்லிய நுனி நரம்பு. ஆட்காட்டி விரலைக் கோலின் மேல் நீட்டிப் பிடித்து, பின்வீச்சைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தி, முன்வீச்சைக் கோல் இன்னும் உயர்ந்திருக்கும்போதே நிறுத்தினால், நரம்புக்கு முன்பாகக் கெபாரியே நீரைத் தொடுகிறது. தடித்த நரம்பு நீரில் படியாமல் நுனி நரம்பின் ஒரு பகுதி மட்டுமே மூழ்கியிருக்குமாறு கோலை உயர்த்திப் பிடிப்பதில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது. நடுவே பாயும் வேகமான ஓட்டம் நரம்பை இழுத்துச் செல்லாததால், அதற்கு அப்பால் பாறையின் பின்னே இருக்கும் ஓர் அடி அகல அமைதியான நீரில்கூட இரையை நிறுத்திவைக்க முடிகிறது. இவானா காத்திருப்பது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான்.

முதல் வீச்சில் இரையை நீரோட்டத்தோடு தானாக மிதந்துவர விடுவது நல்லது. மீன் அசையவில்லை என்றால் அடுத்த வீச்சில் கோல்நுனியைச் சீரான இடைவெளியில் மெல்ல உயர்த்தித் தாழ்த்தி இழைகளை விரித்துக் குவிக்கலாம். இங்கேதான் அளவான இறகும் அளவு மீறிய இறகும் தம் வேறுபாட்டைக் காட்டுகின்றன. தெளிந்த ஆழமற்ற நீரில் இரண்டையும் அருகருகே வைத்து அசைத்துப் பார்த்தால், ஒன்று ஒவ்வொரு இழுப்புக்கும் மலர்ந்து குவிகிறது, மற்றொன்று ஈரத் துணுக்காக இழுபடுகிறது. நீர் விழுந்து நுரைக்கும் இடத்தில் இரையை வீசினால், விழும் நீரே அதைக் கீழே கொண்டு சென்றுவிடுகிறது. அடியில் சிறிது நேரம் நிற்கவிட்டுப் பிறகு மெதுவாக மேலே கொண்டுவரும்போது யமாமே பாய்ந்து கொத்துவது பலமுறை நிகழ்ந்தது. யமாமே ஏமாந்ததை உணர்ந்த மறுகணமே இரையைத் துப்பிவிடும் மீன். நரம்பு சற்றே நின்றாலும், நீருக்குள் ஒரு வெள்ளை மின்னல் தெரிந்தாலும், மணிக்கட்டால் மட்டும் மெல்லச் சுண்ட வேண்டும். முன்னோக்கிய இழைகள் இரையை நீரில் ஊன்றி நிறுத்தி நரம்பை இறுக்கமாக வைத்திருப்பதால், இந்தச் சுண்டல் வீணாகாமல் முள்ளைச் சென்றடைகிறது.

எல்லா நீருக்கும் இது ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். அகன்று தேங்கிய தெளிந்த மடுக்களில், மேற்பரப்பில் விழும் ஒரே வகைப் பூச்சியை மீன்கள் நிதானமாகப் பார்த்துப் பொறுக்கி உண்ணும் மாலை வேளைகளில், அவை இந்த இரையின் அருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஆழமான நீர்த்தேக்கங்களுக்கு இது பயன்படாது. பலத்த காற்றில் இவ்வளவு இலேசான இரையைக் குறித்த இடத்தில் வைப்பது கடினம். ஏரியிலோ பெரிய ஆற்றிலோ மட்டுமே மீன்பிடிப்பவர்கள் இந்தத் தொகுப்பை வாங்கவேண்டியதில்லை.

மலையோடைக்குப் போகிறவர்கள் விலையைப் பற்றித் தயங்க வேண்டாம் என்பேன். கட்டி விற்கப்படும் கெபாரிகளோடு ஒப்பிட்டால், பயன்படாத இறகுகளைக் கழித்த பிறகும் ஓர் இரைக்கு ஆகும் செலவு குறைவுதான். முட்கள் தீர்ந்த பின்னும் நூலும் வைஸும் நூல்பிடியும் நெடுநாள் உழைக்கும். மீன்பிடிச் செலவில் மறக்கக்கூடாத இன்னொரு தொகை, அந்தந்த ஆற்றின் மீனவர் கூட்டுறவுச் சங்கம் தரும் அனுமதிச்சீட்டுக்கானது. ஒரு நாளுக்கான சீட்டைப் பல இடங்களில் அருகிலுள்ள சிறு கடைகளிலேயே வாங்கலாம். ஓடைகள் பெரும்பாலும் செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடப்பட்டு, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மீண்டும் திறக்கப்படுவதால், இடைப்பட்ட குளிர்காலமே கட்டிப் பழகுவதற்கு ஏற்ற காலம்.

வாங்குபவர்கள் முதலில் இறகுப் பையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் கொட்டி, ஒவ்வொரு இறகின் இழையையும் முள்ளின் அருகே வைத்து அளந்து, பொருந்துபவை, சற்றே நீளமானவை, தள்ளவேண்டியவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சற்றே நீளமானவற்றை, அளவில் பெரிய 10ஆம் எண் முள் தனியாக வாங்கி அதற்குப் பயன்படுத்தலாம். கூடவே சேவலின் கழுத்திறகு ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டால் பாய்ந்தோடும் நீருக்கான இரைகளுக்கும் குறைவிருக்காது. தொகுப்பை விற்பவர்கள் இந்தத் தரம்பிரிப்பைத் தாங்களே செய்து, தாளில் இறகின் திசையைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கி, எதிர்முள் இல்லாத முட்களைத் தந்தால், அதற்கு இன்னும் 500 யென் கூடுதலாகக் கேட்டாலும் நான் தயங்காமல் கொடுப்பேன்.